அக்காவின் சரி

என் ஓரகத்தியை எல்லாரும் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். என் கொழுந்தனின் மனைவி அவள். கல்யாணமான புதிதில் அவள் வேலை செய்கிற வேகத்தைப் பார்த்து யாரோ பாராட்டாக வைத்த பெயர். வருடம் போகப் போகப் பாராட்டு கழன்று விழுந்துவிட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அவளே போனை எடுத்து, "ஆமா, பம்பரம்தான் பேசுறேன்" என்பாள். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அதைக் கடையின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடை என்றால் திரைச்சீலைக் கடை. முன்னால் துணிச் சுருள்கள் அடுக்கிய ஓர் அறை. பின்னால் வெட்டு மேசையும் நான்கு தையல் மெஷின்களும் போட்ட நீளக் கூடம். ஒன்பது வருடமாக நடத்துகிறாள். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை பார்த்த ஜன்னலைப் பற்றிக் கேட்டால், "அந்த வீட்டுச் சாப்பாட்டு ரூம்தானே, நாலு மணிக்கு வெயில் மூஞ்சில அடிக்கும், கனமான துணிதான் போடணும்" என்பாள். அளவு நாடா எங்கே என்று கேட்டால் தெரியாது. அது அவள் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அவள் வீட்டு ஜன்னல்களுக்கு இன்று வரைக்கும் திரை கிடையாது. பழைய போர்வை ஒன்றை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள்.

நான் இருபத்திரண்டு வருடம் ஓர் அலுவலகத்தில் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டவள். என் மேசையில் ஒரு குண்டூசி இடம் மாறியிருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்த நாலாவது நாளே என் கணவர், "நீ சும்மாதானே இருக்க, கொஞ்ச நாள் அவகூட இரேன்" என்றார். சும்மா இருக்கிறவளைச் சும்மா விடுகிற வீடு எங்கே இருக்கிறது? போனேன்.

போன முதல் நாள் எண்ணிப் பார்த்தேன். கூடத்தில் ஏழு டீக் கோப்பைகள், ஏழிலும் பாதி டீ. ஒரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே இன்னொருவருக்குப் போன் போட்டு, போன் மணி அடிக்கும்போதே துணி வெட்டுகிற மாஸ்டரிடம் ஒரு துணியைக் காட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்து, அதை முடிக்காமல் படியிறங்கிப் போய்விட்டாள். போனில் எதிர்முனை ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தது. நான் எடுத்து, "அவங்க இல்லங்க" என்றேன். "அவங்கதாங்க இப்பக் கூப்பிட்டாங்க" என்றார் அவர். போனை வைத்தேன். பெருமூச்சுதான் வந்தது.

அந்தப் பெருமூச்சைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அவளுடைய தலைக்குள் என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்தது ஒரு வாடிக்கையாளர். மனநல மருத்துவர். அவருடைய அறைக்கு மூன்று ஜன்னல் அளக்கப் போயிருக்கிறாள். நாடாவை முதல் ஜன்னலில் வைத்துவிட்டாள், போனை இரண்டாவது ஜன்னலில் வைத்துவிட்டாள். மூன்றாவது ஜன்னலுக்கு வந்து நாடாவைக் காணோமே என்று தேடி, வெளிச்சம் போட்டுத் தேடலாம் என்று போனைத் தேடி, அதற்குள் அவருடைய புத்தக அலமாரி சாய்ந்திருப்பதைக் கவனித்து அதற்கு அட்டை மடித்து முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஜன்னல் இருக்கட்டும்மா. நாளைக்கு நீங்க பேஷண்டா வர முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு தடவை மறந்துபோனாள். மூன்றாவது தடவை அவரே கடைக்கு வந்துவிட்டார், திரை எங்கே என்று கேட்க.

இப்படியாக நாற்பத்தொன்றாவது வயதில் அவளுக்கு ஏடிஎச்டி என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கவனம் ஓரிடத்தில் நிற்காது, உடம்பும் நிற்காது, பிறந்ததிலிருந்தே அப்படி. சீட்டோடு நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, நான் சோம்பேறி இல்லையாம். திமிரும் இல்லையாம். மூளையே அப்படியாம்."

சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே எனக்குப் பின்னால் ஒரு துணிச் சுருள் தலைகீழாக நிற்பது கண்ணில் பட, எழுந்து அதைத் திருப்பி வைக்கப் போனவள் அப்படியே அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். அழுகையை முடித்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் என்ன நினைத்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா, பேர் வைத்துவிட்டால் வேலை நடந்துவிடுமா என்றுதான் நினைத்தேன். மாத்திரை கொடுத்தார்கள். அது ஓரளவு கைகொடுத்தது. மாத்திரையைச் சாப்பிட மறக்காமல் இருப்பதற்கு மாத்திரை கிடையாதே.

அந்த இடத்தில்தான் ஏஐ வந்தது. செயற்கை நுண்ணறிவு என்று செய்தியில் நீட்டி முழக்குகிறார்களே, அதேதான். போனுக்குள் இருக்கும். பம்பரம் நடந்துகொண்டே அதனிடம் பேசுவாள். படியில், பஸ்ஸில், அளவெடுக்கிற வீட்டுப் பால்கனியில். ஒரு வாக்கியத்தின் நடுவில் வேறு மூன்று வாக்கியம் புகுந்துவிடும். அது எல்லாவற்றையும் கேட்டு, பிரித்து, இன்னார் வீட்டுக்கு இத்தனை திரை, இந்தத் துணி, இந்த உயரம், இந்தத் தேதி என்று ஒழுங்காகச் சீட்டு எழுதிவிடும். கூடத்து மூலையில் ஒரு சின்ன பிரிண்டர். பஸ் டிக்கெட் மாதிரி சீட்டு வெளியே வரும். மாஸ்டர் அதைக் கிழித்துத் துணியில் குத்திக்கொள்வார். வெட்டு மாஸ்டருக்கு ஐம்பத்தெட்டு வயது. பேச்சில் சிக்கனம். "சீட்டுல இருந்தா வெட்டுவேன். இல்லன்னா கடவுளே வந்து நின்னாலும் கத்திரி எடுக்க மாட்டேன்" என்பதுதான் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு.

கூடத்தில் அதற்கு மூன்றாவது மருமகள் என்று பெயர் வைத்தது நான்தான். எதைச் சொன்னாலும் "கண்டிப்பாகச் செய்கிறேன்" என்கிறதே, புதிதாக வந்த மருமகள் தவிர வேறு யார் அப்படிச் சொல்வார்கள்? தையல்காரம்மாக்கள் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனார்கள்.

பம்பரத்துக்கு எப்போதும் பெரிய தொல்லை வேலையைக் கொடுப்பதில்தான் இருந்தது. மனிதர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்க வேண்டுமானால் ஆரம்பம், நடு, கடைசி என்று வரிசையாக விளக்க வேண்டும். அவள் ஆரம்பத்தைச் சொல்லுவாள், நடுவை விழுங்கிவிடுவாள், கடைசிக்கு ஒரே தாவு. கேட்டவர்கள் விழிப்பார்கள். அந்த முழியைப் பார்த்ததும், "விடுங்க, நானே பாத்துக்கறேன்" என்று பிடுங்கிக்கொள்வாள். பிடுங்கியதை மறப்பாள். ஒருநாள் நான் கேட்டேன், எங்களிடம் சொல்லாததை எல்லாம் அந்த போனிடம் எப்படிச் சொல்ல முடிகிறது என்று.

"அது பெருமூச்சு விடாது அக்கா."

குத்திக்காட்டவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அன்று முழுக்க மூச்சை அளந்து அளந்து விட்டேன். அடுத்த நாள் மறந்துவிட்டேன்.

இதில் ஓர் ஆபத்து இருந்தது. அவள் சொல்வதை எல்லாம் அது செய்தால் அவள் அரை மணி நேரத்துக்கு ஒரு புது ஆர்டரைப் பிடித்துவந்து போட்டுவிடுவாள். புதிது என்றால் அவளுக்கு உயிர். அவளுக்கே அது தெரியும். ஒரு நாள் காலை, தலை தெளிவாக இருந்த நேரத்தில், அவளே ஒரு சட்டம் போட்டாள். புது ஆர்டர் எதுவானாலும், தேதி மாற்றம் எதுவானாலும் மூன்றாவது மருமகள் முதலில் என் போனுக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். நான் ‘சரி’ என்று அடித்தால்தான் சீட்டு வெளியே வரும். "நானே கெஞ்சினாலும் விடாதே" என்று அதனிடம் சொன்னாள். அக்காவின் சரி இல்லாமல் கடையில் ஊசி நகராது.

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் மாதம் ஒவ்வொரு கேள்வியையும் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கூட அனுப்பினேன். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது வரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடை இருக்கிற கட்டடத்தின் வாடகை ஒப்பந்தத்தில் பம்பரத்தோடு சேர்ந்து என் கொழுந்தனும் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை அது புதுப்பிக்கப்படும். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில், இரண்டாவது பிரேக்கில் கால் வைத்தபடியே பாதி ஆயுளைக் கழித்த மனிதர். வீட்டிலும் அதே கால்தான். போன வருடம் பம்பரம் மூன்று ஆர்டர்களைத் தேதி தாண்டிக் கொடுத்தாள். அதில் ஒரு குடும்பம் புது வீட்டில் ஒரு வாரம் ஜன்னலுக்கெல்லாம் செய்தித்தாள் ஒட்டிக்கொண்டு குடியிருந்தது. அந்த வீட்டுக்காரர் என் கொழுந்தனிடம் கார் கற்றுக்கொண்டவர். கேட்க வேண்டுமா?

"கண் ஆஸ்பத்திரி வேலையை மட்டும் சொன்ன நாள்ல முடிச்சுக் குடு. கையெழுத்துப் போடுறேன்" என்றார் அவர். "இல்லன்னா கடையை விட்டுட்டு என் டிரைவிங் ஸ்கூல் ஆபீஸ்ல வந்து உக்காரு. நானும் மனுஷன்தானே, எத்தனை பேருக்குப் பதில் சொல்றது?"

கண் ஆஸ்பத்திரிக்கு நாற்பத்தெட்டுத் திரைகள். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் தொங்குகிறவை. மேலே ஒரு முழத்துக்கு வலை, கீழே துணி. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் நோயாளிகள் வருகிறார்கள், அதற்குள் மாட்டியாக வேண்டும். கட்டடக்காரர் அதற்கு முன்னால், சனிக்கிழமை சாயங்காலமே ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா இல்லையா என்று முடிவு சொல்லச் சொல்லியிருந்தார்.

"அந்த ஆபீஸ்ல ஒரே ஒரு ஜன்னல் அக்கா" என்றாள் பம்பரம் என்னிடம். "அதுவும் பக்கத்துச் சுவத்தைப் பாத்து."

 நகத்தைக் கடித்தபடி கூடத்தை நாலு சுற்றுச் சுற்றினாள்.

செவ்வாய்க்கிழமை மாஸ்டர் ஆஸ்பத்திரித் துணியை வெட்டுவதாக ஏற்பாடு. எனக்கு அன்று பல் டாக்டர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டில் படுத்துவிட்டேன். புதன்கிழமை வீங்கின கன்னத்தோடு கூடத்துக்குள் நுழைந்தால், வெட்டு மேசை முழுக்கச் சிவப்பு வெல்வெட். ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு நீளம், மேசையிலிருந்து வழிந்து தரையெல்லாம் சிவப்பு. ஆஸ்பத்திரியின் இளநீலத் துணி பிரிக்காத கட்டாக மூலையில் கிடந்தது.

"என்ன இது?"

"பள்ளிக்கூட மேடைக்கு அக்கா" என்றாள் பம்பரம். முகமெல்லாம் பல். "இழுத்தா நடுவுல பிரியும் பாருங்க, அந்த மாதிரி. வியாழக்கிழமை தர்றேன்னு சொல்லிட்டேன்."

"ஆஸ்பத்திரி?"

அவள் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியதை நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. தையல்காரம்மாக்கள் முன்னால், மாஸ்டர் முன்னால், துணி பார்க்க வந்திருந்த ஒரு தம்பதி முன்னால் வாய்க்கு வந்தபடி பேசினேன். குடும்பத்தையே தெருவில் நிறுத்துவாய் என்றேன். உன்னைத் திருத்த டாக்டரும் பத்தாது, ஏஐயும் பத்தாது என்றேன். பல் வலி ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

"நான் உங்களைக் கேட்டேன்னு நினைச்சேன் அக்கா" என்றாள் மெதுவாக.

"எப்பக் கேட்ட? எங்கிட்ட நீ எப்பக் கேட்ட? சும்மா சும்மா நினைச்சுக்காத."

அவள் யோசித்தாள். அவள் யோசிக்கும்போது கண் இடமும் வலமும் ஓடும், தொலைத்த பொருளைத் தேடுகிற மாதிரி. பிறகு தலையை ஆட்டினாள்.

"கேக்கலை போலிருக்கு. கேக்கணும்னு நினைச்சிருப்பேன், அதையே கேட்டதா எடுத்துக்கிட்டேன் போல. தப்புதான் அக்கா. மன்னிச்சிடுங்க."

மாஸ்டர் வெல்வெட்டில் குத்தியிருந்த சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சீட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெல்வெட்டைச் சுருட்ட ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு பம்பரம் செய்ததை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். சாதாரண நாளில் ஒரு டீயைக் குடித்து முடிக்க முடியாதவளுக்குத் தீப்பிடித்தால் மட்டும் தலை தெளிந்துவிடும். பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். அவர்களுக்கு விழா அடுத்த மாதம்தானாம். வியாழக்கிழமை என்பது யாரும் கேட்காத தேதி, இவளே ஆசையில் கொடுத்தது. தள்ளிப் போட்டாள். பிறகு போனைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்றாவது மருமகளிடம் பேசினாள். நாற்பத்தெட்டில் ஒரே உயரம் உள்ளவை எவை, வலை வெட்டி முடிய எவ்வளவு நேரம், வெளியில் தைக்கிறவர்கள் மூன்று பேரில் யாருக்கு எது என்று. இரண்டு நிமிஷத்தில் மூன்று பட்டியல் வந்தது. ஆரம்பம், நடு, கடைசி எல்லாம் வரிசையாக. பட்டியலைக் கொடுத்தாள், துணியைக் கொடுத்தாள், எதையும் திரும்பப் பிடுங்கவில்லை. முதல் தடவையாக வேலையைக் கையைவிட்டுப் போக விட்டாள்.

எனக்கு மட்டும் ஆறவில்லை. பதிவேடு பார்த்த கை சும்மா இருக்குமா? சனிக்கிழமை கொழுந்தன் வந்து நிற்கும்போது என்ன நடந்தது என்று சாட்சியோடு காட்ட வேண்டும் என்று தோன்றியது. யாருக்காக அந்தச் சாட்சி என்று அப்போது யோசிக்கவில்லை. மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்து மூன்றாவது மருமகளிடம் கேட்டேன், மேடைத் திரையை யார் முன்னால் போட்டது என்று.

அது மரியாதையாகப் பதில் சொன்னது. திங்கட்கிழமை காலை பதினொன்று நாற்பத்திரண்டுக்கு என் போனுக்கு ஒரு கேள்வி வந்திருக்கிறது. ‘பள்ளி மேடைத் திரை, புது ஆர்டர். இதை ஏற்றால் கண் மருத்துவமனைத் துணி வெட்டுவது செவ்வாயிலிருந்து வெள்ளிக்குத் தள்ளிப்போகும். ஏற்கலாமா?’

கீழே என் பதில். ‘சரி.’

அதற்கு மேலும் கீழும் பார்த்தேன். நீல நூல் வாங்கலாமா, சரி. அளவெடுக்கப் போகும் நேரம் பத்திலிருந்து பத்தரைக்கு மாறலாமா, சரி. ஒரு நிமிஷத்துக்குள் ஒன்பது சரி. எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. திங்கட்கிழமை மெஷினில் ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். போன் விடாமல் முணுமுணுத்தது. இடது கைக் கட்டைவிரலால் வரிசையாகத் தட்டித் தள்ளினேன். அன்றைக்கு மட்டுமல்ல. முதல் மாதத்துக்குப் பிறகு தினமும் அப்படித்தான்.

அவள் கேட்டிருக்கிறாள். சட்டப்படி, முறைப்படி, தன்னையே நம்பாமல் என்னை நம்பிக் கேட்டிருக்கிறாள்.

போனை அணைத்துவிட்டுக் கீழே போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததற்கு ஆயிரம் காரணம் கண்டுபிடித்தேன். இப்போது வேலைதான் முக்கியம், பிறகு பேசிக்கொள்ளலாம், அவளே மறந்திருப்பாள். உண்மை ஒன்றுதான். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இத்தனை வருடமாக இந்தக் குடும்பத்திலும் அலுவலகத்திலும் தப்பே செய்யாதவள் என்று பெயர் எடுத்தவள். அந்தப் பெயரை விட்டால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. டீயைப் பாதியில் வைத்தேன். மாஸ்டர் தலை நிமிர்ந்தாலே நான் குனிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை இரண்டு திரைகளுக்கு வலையைக் கீழ்ப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். மேலே துணி, கீழே வலை. கட்டிலில் படுத்திருக்கிறவரின் தலை மறையும், கால் தெரியும். பம்பரம் அதை எடுத்துப் பார்த்தாள். நான் காத்திருந்தேன்.

"நடக்கிறதுதான் அக்கா. கன்னம் வேற வீங்கியிருக்கு. கொடுங்க, நான் பிரிச்சுத் தர்றேன்."

பெருமூச்சு விடவில்லை. முகத்தைச் சுளிக்கவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து என் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். ஒரு காலை ஆட்டிக்கொண்டேயிருந்தாள், அதை மட்டும் அவளால் நிறுத்த முடியாது. நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

சனிக்கிழமை நாலு மணிக்குக் கொழுந்தன் வந்தார். கையில் ஒப்பந்தக் காகிதம் போட்ட பிளாஸ்டிக் உறை. கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். முடிந்த திரைகள் இருபத்தொன்பது. வெளியில் கொடுத்ததில் பத்து இன்னும் திரும்பவில்லை. மூலையில் சிவப்பு வெல்வெட் சுருண்டு கிடந்தது. அதைக் காலால் லேசாகத் தொட்டார்.

"இதுதானா அது? நடுவுல வந்த புது ஆசை?"

"ஆமாங்க" என்றாள் பம்பரம், மெஷினை நிறுத்தாமல். "என் தப்புதான். நீங்க கட்டடக்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடுங்க. திங்கட்கிழமை இதைக் குடுத்துட்டு நான் மத்ததைப் பாக்குறேன்."

குரல் உடையவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. தண்டனையை வாங்கிப் பழகியவள் கையை நீட்டுகிற மாதிரி நீட்டினாள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பினார்.

"தம்பி, நில்லுங்க" என்றேன்.

எழுந்தேன். மடியிலிருந்த துணி விழுந்தது. "அவ கேட்டா. நான்தான் படிக்காம சரின்னு போட்டேன். திங்கட்கிழமையே கேட்டிருக்கா. தப்பு என்னோடது."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அண்ணி, இவளைக் காப்பாத்தணும்னு நீங்க இப்படியெல்லாம் சொல்ல வேண்டாம். உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

நம்பவில்லை. நானே ஒப்புக்கொண்டும் நம்பவில்லை. போனைத் தேடினேன். அவசரத்தில் கையில் அகப்படவில்லை. துணிக்கடியில், மெஷின் மேல், மேசைமேல் தேடுகிறேன். அப்போது மாஸ்டர் கத்திரியைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்து என் கொழுந்தனிடம் நீட்டினார். வெல்வெட்டில் குத்தியிருந்த சீட்டு. கடைசி வரி: ‘ஒப்புதல்: அக்கா, திங்கள் 11.42.’

"உங்களுக்குத் தெரியுமா மாஸ்டர்?" என்றேன்.

"புதன்கிழமையே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன்மா."

கொழுந்தன் சீட்டை இரண்டு தடவை படித்தார். "சரி, ஏதோ ஒரு தடவை கை தவறிப் போச்சு அண்ணி. அதுக்கும் இதுக்கும்..."

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "நான் செஞ்சா கைத்தவறு, அவ செஞ்சா குணமா? ஒரு மாசமா நான் எதையும் படிக்கல தம்பி. அத்தனையும் கைத்தவறா? நாலு நாளா அவளைக் குத்தவாளியா வச்சுட்டு நான் பக்கத்துல உக்காந்து தைக்கிறேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல அவ."

மெஷின் சத்தம் நின்றிருந்தது. பம்பரம் எழுந்து நின்றிருந்தாள். கண் இடமும் வலமும் ஓடவில்லை. என் மேலேயே நின்றது.

"அப்ப நான் கேட்டேனா அக்கா?"

"கேட்ட."

"நிஜமாவே கேட்டேனா?"

"நிஜமாவே கேட்டடி. சரியாத்தான் கேட்ட."

"நான் கேட்டிருக்கேன்" என்று தனக்குத்தானே சொன்னாள். "எனக்கு ஞாபகம் இருந்துது அக்கா. சரியாத்தான் ஞாபகம் இருந்துது."

உட்கார்ந்தாள். அழுதாள். மேசையிலிருந்து நூல்கண்டு ஒன்று உருண்டு அவள் காலடிக்கே வந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த முறை முழுசாக அழுது முடித்தாள். தன் ஞாபகத்தைத் தானே நம்ப முடியாமல் நாற்பத்தொரு வருடம் வாழ்ந்தவள் எத்தனை தப்புகளைத் தன்னுடையவை என்று ஒப்புக்கொண்டிருப்பாள், அதில் எத்தனை என்னுடையவை என்று நினைத்துப் பார்த்தேன்.  பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தேன்.

கொழுந்தன் சீட்டை மடித்து மாஸ்டரிடமே கொடுத்தார். பிறகு உறையை மெஷின் மேல் வைத்துவிட்டு, "எத்தனை பாக்கி?" என்றார். கட்டடக்காரரைக் கூப்பிட்டுத் திங்கள் வரைக்கும் பொறுக்கச் சொன்னார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கொக்கி மாட்ட உட்கார்ந்தார். முதல் மூன்று திரைகளுக்குக் கொக்கியைத் தப்பான பக்கம் மாட்டினார். மாஸ்டர் அதைக் கழற்றிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை நாற்பத்தெட்டாவது திரை தொங்கியபோது மணி எட்டு பத்து. வார்டின் அந்தக் கோடியில் முதல் நோயாளியை ஏற்கெனவே அழைத்து வந்துவிட்டார்கள். பத்து நிமிஷம் தாமதம். கொழுந்தன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தாதியிடம் பேனா கேட்டு வாங்கி, கட்டில் சட்டத்தில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பம்பரம் அங்கே இல்லை. அடுத்த வார்டு ஜன்னலில் வெயில் எப்படி விழுகிறது என்று பார்க்கப் போயிருந்தாள். கத்திக் கூப்பிட்டுத்தான் அவளிடமும் கையெழுத்து வாங்கினோம்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, மெஷினில் ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். போன் முணுமுணுத்தது. அன்றைக்கு அது முதல் தடவை. கட்டைவிரல் தானாகப் போனது. பிடித்து நிறுத்தினேன். மெஷினை அணைத்துவிட்டுக் கண்ணாடியைத் தேடினேன். அது என் நெற்றியில்தான் இருந்தது.

‘புது விதி, உரிமையாளர் சொன்னது. அக்காவிடம் ஒரு நாளைக்கு எட்டுக் கேள்விக்கு மேல் கேட்கக் கூடாது. எட்டையும் சேர்த்துப் பதினொரு மணிக்கு, டீ குடித்த பிறகு கேட்க வேண்டும். நூல், ஊசி, நேர மாற்றம் எதையும் அக்காவிடம் கொண்டுபோகக் கூடாது. அக்கா வெறும் ‘சரி’ என்று அனுப்பினால் ஏற்கக் கூடாது, எதற்குச் சரி என்று அவரே எழுத வேண்டும். இந்த விதியை ஏற்கலாமா?’

கூடத்தின் அந்தக் கோடியில் பம்பரம் ஒரு துணிச் சுருளைத் தோளில் வைத்துக்கொண்டு, போனில் யாரிடமோ பேசிக்கொண்டு, என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு தடவை படித்தேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். ‘எனக்கு ஒரு நாளைக்கு எட்டுக் கேள்விக்கு மேல் தாங்காது என்பதற்குச் சரி.’